தொப்பைக்கு வெந்நீர்

தொப்பை ஒரு முயல். துணி முயல்தான். ஆனால் அந்த வீட்டில் அதைப் பொம்மை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், ஐந்து வயது மகாராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மருந்து வேளையில் முதல் கரண்டி தொப்பைக்கு. வெறும் கரண்டி. அம்மா குரலை மாற்றி, "அட, கசக்கவே இல்லையே!" என்று தொப்பைக்காகச் சொல்வாள். அப்புறம்தான் மகளின் வாய் திறக்கும். தலைகீழாக நின்றாலும் வேறு வழியில் ஒரு சொட்டு உள்ளே போகாது.

அந்த மருந்து ஒன்றுதான் பாக்கி. ஊசியெல்லாம் போட்டு, குழந்தையின் தலைமுடியெல்லாம் கொட்டி, கடைசியில் டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இத மட்டும் விடாமக் குடுங்க, பாக்கலாம்." அந்தப் 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லைத்தான் தாயும் தகப்பனும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது டாக்டரம்மாவின் கண் தொப்பை மேல் விழுந்தது. "இந்த அழுக்கோட படுக்க விடாதீங்க. ஒரு காய்ச்சல் வந்தாலும் தாங்க மாட்டா."

வாசல் வரை வந்த நர்ஸ் பொறுமையாக விளக்கினாள். "தலையணை உறைக்குள்ள போட்டுக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சமா குழந்தைத் துணி சோப்பு போட்டு அலசுங்கக்கா. முறுக்கிப் பிழியாதீங்க, துண்டுல சுத்தி அமுக்குங்க. உள்பஞ்சு வரைக்கும் நல்லாக் காயணும். கொதிக்கிற தண்ணி மட்டும் வேணாம்."

அம்மாக்காரி தலையை ஆட்டினாள். காதில் வாங்கினாளா என்றால், இல்லை. எப்படி வாங்குவாள்? இன்னொரு ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு. ரத்தமும் சீழும் ஒட்டிய விரிப்புகளைக் கொதிநீரிலும் ப்ளீச்சிலும் போட்டு வெள்ளை வெளேரென்று எடுக்கிற கை. வெதுவெதுப்பான தண்ணீராம்! அதில் கிருமி சாகுமா, குளித்துவிட்டுப் போகுமா?

மகள் தூங்கியதும் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

"நர்ஸ் பொண்ணு வேணாம்னுதானே சொல்லிச்சு?" என்று புருஷன்காரன் எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு துவைச்ச துணி எத்தனை, நான் துவைச்சது எத்தனை? போய் உங்க வேலையப் பாருங்க."

"அதுவும் சரிதான். உன்கிட்ட பேசி எந்தக் காலத்துல ஜெயிச்சேன்!"

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தொப்பையை முக்கி, மூடி போட்டாள். பிறகு ப்ளீச் கலந்த வாளியில் ஊறவைத்தாள். ஒரு கிருமி மிச்சம் இருக்கக் கூடாது, ஒன்றுகூட. தன் பிள்ளைக்கும் சாவுக்கும் நடுவில் இந்த வாளிதான் நிற்கிறது என்றே நினைத்தாள், பாவி மகள்.

தூக்கிப் பார்த்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பருத்தித் துணியா அது, கொதியைத் தாங்க? நைலான் ரோமம் சுருண்டு, ஒட்டி, கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஒரு கண் கழன்று வாளிக்குள் கிடந்தது. வயிற்றுப் பஞ்சு ஒரு மூலையில் கட்டி தட்டிப்போயிருந்தது. புருஷன்காரன் வாளிக்குள் துழாவி அந்தக் கண்ணை எடுத்து அவள் கையில் வைத்தான். திட்டித் தொலைத்திருக்கலாம்.

இதேபோல் இன்னொன்று வாங்கலாம் என்றால், அதைத் தொப்பை என்று ஒப்புக்கொள்ள மகளுக்கென்ன தலையெழுத்தா? வேறு வழியில்லாமல் ரோமத்தை வாரி, கண்ணைத் தைத்து, நன்றாகக் காய்ந்தபின் மருந்தோடு கொண்டுபோய் நீட்டினாள்.

மகள் வாங்கித் தலையைத் தடவினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"தொப்பைக்கும் முடி போச்சும்மா. நான்தானே தினம் அதுக்கு மருந்து குடுக்கச் சொன்னேன்?"

"ஐயோ, இல்லடா கண்ணு! மருந்தால இல்ல. அம்மாதான் கொதிக்கிற தண்ணில போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"நல்லதுக்குத்தான்டா. நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்."

மகள் கரண்டியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கும் நல்லதுக்குன்னுதானே குடுக்கறே?"

உதட்டை இறுக மூடிக்கொண்டு, தொப்பையை அணைத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அம்மா கெஞ்சினாள், அப்பா வந்து கெஞ்சினான். அந்த வாய் திறக்கவில்லை.