டிவிஷனுக்கு ஒரு கழிப்பறை

“அத நிப்பாட்டித் தொலடி!”

புருசன் சின்னராசா போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் பேச்சு அடங்கியது. வேலாயி டிவியை நிறுத்தவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலைச் செய்தியில் பாராளுமன்றத்தைக் காட்டினார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலாயி என்ற பெண் இருபத்தெட்டு வருசமாகக் கொழுந்து பறிக்கிறாள், மலையில் ஒதுங்க இடமில்லாததால் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை, இப்போது சிறுநீரகத்தில் நோய் என்று எம்.பி. ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு வேற பேச்சே கெடைக்கலியா? பொம்பள ஒண்ணுக்குப் போற விசயத்த நாடே கேக்க வச்சிட்டியே! நாளைக்கு நா எப்புடி நாலு பேரு மொகத்துல முழிக்கிறது?”

“கூட்டத்துல கொறையச் சொல்லுங்கன்னு எம்.பி. ஐயாதான் கேட்டாரு. சொன்னேன். வலி எனக்குத்தானங்க.”

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். பெண்ணொருத்தி வலியோடு எத்தனை கிலோ கொழுந்தையும் சுமக்கலாம். வலி எங்கே என்று வாய்திறந்து சொல்லிவிட்டால்தான் குடும்ப மானம் போய்விடும்.

பதில் சொல்ல அமைச்சர் எழுந்தார். அவர் சிங்களத்தில் பேச, கீழே தமிழ் எழுத்து ஓடியது. உறுப்பினரின் கவலையை அரசாங்கம் அனுதாபத்தோடு கவனத்தில் எடுத்திருப்பதாகச் சொன்னார். தோட்ட நிர்வாகங்களின் அறிக்கைப்படி தோட்டப் பிரிவான டிவிஷனுக்கு ஒரு கழிப்பறை வீதம் கட்டி முடிக்கப்பட்டு, அவை பாவனையில் இருப்பதாகவும், பெண்கள் அவற்றைப் பயன்படுத்துவதாகவும் சொன்னார். மேசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் போன வருசம் கட்டிய கட்டடத்தை வேலாயி அறிவாள். கட்டிய நாளிலிருந்து அது பூட்டியே கிடந்தது. ஆனால் அவ்வளவு பெரிய சபையில், அத்தனை பேருக்கு முன்னால் ஒருவர் சொல்லிவிட்டாரே! இனியும் பூட்டி வைப்பார்களா?

மறுநாள் காலை, டாக்டரம்மா சொல்லியிருந்தபடி ஒரு போத்தல் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் கழிப்பறையைப் படம் பிடிக்க வேண்டுமாம். கதவுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெண்களைக் கூப்பிட்டுக் கதவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, வேலாயியை நடுவில் விட்டார். படம் எடுத்து முடிந்தது.

“ஐயா, கதவத் தொறந்து விடுங்க. அவசரமா இருக்கு.”

“எதுக்குத் தொறக்குறது? உள்ளுக்கு இன்னும் குழியே வெட்டல.”

“பாவனையில இருக்குன்னு அமைச்சரு சொன்னாருங்களே?”

“அவருக்கு எழுதிக் குடுத்தத அவரு வாசிச்சாரு. அதுக்கு நா என்ன செய்ய?”

அவள் என்ன கேட்கிறாள் என்று அதிகாரி சிங்களத்தில் விசாரித்தார். நன்றி சொல்கிறாள் என்றார் கண்டாக்கையா. அந்த அளவு சிங்களம் வேலாயிக்குத் தெரியும். அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்துக் கைகூப்பினார்.

அடிவயிறு பிடித்து இழுத்தது. சுற்றிலும் கவ்வாத்து வெட்டிய மலை. முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள்தான் நின்றன.

“பிரியந்தி, எனக்கு முடியலடி.”

கூட வேலை செய்யும் பிரியந்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அவிழ்த்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னாலேயே நாலு படங்குகளையும் விரித்துப் பிடித்து வேலாயியை மறைத்து நின்றார்கள்.

“ஏய், என்ன கூத்து இது? அங்கிட்டுப் போங்க!”

ஒருத்தியும் அசையவில்லை. அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே குந்தியிருந்தவளுக்கு நெருப்பை ஊற்றியது போல எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகையோடுதான் அவள் குரல் வெளியே வந்தது.

“கண்டாக்கையா, இதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

கண்டாக்கையா அதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்லவில்லை.