புகார் சொன்னவள்

இசைவாணி இறந்துபோன அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் புண் ஓட்டையாகியிருந்ததால் துணி அங்கே நிற்காமல் நழுவியது. பஞ்சை வைத்து அழுத்தி மறுபடி கட்டினாள். அம்மா பஞ்சம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா சின்னச்சாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. உள்ளே பீடி கூடாது. வாசலிலேயே சோதனை போட்டுத் தீப்பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் இருபது வருடமாகப் பாக்கெட் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிவந்தார். அரசாங்கம் தடை செய்த சரக்குதான். பஞ்சம்மாளின் அண்ணன் ராஜபாண்டியன் கடையில் கிடைத்தது. புற்று என்று டாக்டர் சொன்ன பிறகும் கிடைத்தது.

மூன்று மாதத்துக்கு முன் இசைவாணி புகார் எண்ணுக்கு போன் செய்தாள். பெயர் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள்.

பத்து மணிவாக்கில் ராஜபாண்டியன் தங்கைக்குக் கோடிச் சேலையோடு வந்தார். கடை போனபின் அச்சங்குளத்தில் லோடு ஏற்றப் போகிறார்; ஆள் கறுத்திருந்தார். பஞ்சம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவர் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இசைவாணி டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எந்தப் பய போட்டுக் குடுத்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, தாயி."

"நாந்தான் மாமா."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"ஒங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன், அப்பாவுக்குக் குடுக்காதீகன்னு."

"சொன்னே."

கொட்டுக்காரர்கள் தீ மூட்டி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு ஜீப்பு வந்ததும் மாப்ளதான், ஒங்கப்பாதான், பாக்கெட்டுகளச் சரஞ்சரமா அத்து வேட்டில மடிச்சுக்கிட்டுப் பின்பக்கமாப் போனாரு. என்னையக் காப்பாத்துறாராம். அவுகளுக்குச் சிக்குனது கொஞ்சந்தான். மிச்சம் அம்புட்டும் அவருகிட்டதான் இருந்துச்சு. நானும் திருப்பிக் கேக்கல."

கடை மூடிய பிறகு அப்பா யாரிடமும் புகையிலை கேட்கவில்லை. விட்டுவிட்டார் என்று இசைவாணி தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம். ரெண்டுமே."

பாடையைத் தூக்க நேரமாகிவிட்டதென்று யாரோ குரல் கொடுத்தார்கள். ராஜபாண்டியன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

"கொஞ்சம் தண்ணி குடு, தாயி."

செம்பில் கொண்டுவந்தாள். பாதியைக் குடித்தார். மீதியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, செம்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, பாடையின் தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தார்.