சொல்லாத விண்ணப்பம்

ரொவீனா பேப்பரை விரித்தால் அவள் கணவன் டெல்மருக்கு டோஸ்ட் தொண்டையில் இறங்காது. செய்தியோடு சேர்த்து அவளுடைய வியாக்கியானத்தையும் அவன் கேட்டாக வேண்டும். அன்று புதன்கிழமை, காலை ஐந்து மணி.

"இதைக் கேளு. பக்கத்து மாநிலத்துல ஒரு ஊழியக்காரர். கர்த்தரே கனவுல வந்து, 'மகனே, ஒரு டிஜிட்டல் நாணயம் வெளியிடு'ன்னு சொன்னாராம். ஜனங்க கொண்டுபோய்க் கொட்டியிருக்காங்க. இப்ப நாணயமும் இல்ல, ஊழியக்காரரும் இல்ல."

"ம்."

"அஞ்சு அப்பத்தை வச்சு அஞ்சாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டவர் இயேசு. இவன் அஞ்சாயிரம் பேரோட சாப்பாட்டை ஒத்தையா உக்காந்து தின்னிருக்கான். அவனையாவது திருடன்னு விட்டுடலாம். நம்பிப் போட்டதுங்க பாரு, அந்தக் கழுதைங்களைச் சொல்லணும்."

டெல்மர் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தான். "ஏதோ கஷ்டத்துல இருந்திருப்பாங்க."

"கஷ்டம் வந்தா புத்தியையும் அடகு வைக்கணுமா?"

முப்பத்தி மூன்று வருஷமாக அந்த மேஜையில் அவள் பேசுவாள், அவன் 'ம்' போடுவான். பன்னிரண்டு வயதில் ஊர் ஓடையில் ஞானஸ்நானம் பெற்றவள் ரொவீனா. கர்த்தரை முழு மனதோடு நம்பினாள். கர்த்தரின் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை மட்டும் ரசீது கேட்டுத்தான் நம்புவாள்.

"பனி விழறதுக்குள்ள கூரையை மாத்திடலாம் டெல்மர். உன் மில் காசு பேங்க்ல சும்மாதானே கிடக்கு."

"பாக்கலாம்."

மர மில்லில் இருபத்தொன்பது வருஷம் உழைத்து, முதுகு போனதற்காக அவனுக்குக் கிடைத்த முப்பத்தெட்டாயிரம் டாலர் அது. ஐந்தரைக்கு ரொவீனா பள்ளிக்கூட பஸ்ஸின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பென்னி க்ரீக் பாப்டிஸ்ட் சபையில் புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம். முன்பெல்லாம் முப்பது பேர் வருவார்கள். இப்போது ஒன்பது பேர். முதுகு வலியோடு மரபெஞ்சில் உட்கார முடியாது என்பதால் டெல்மர் ஞாயிறு மட்டும்தான் வருவான்.

பாஸ்டர் கேடனுக்கு இருபத்தொன்பது வயது. நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் புதுசாக எதைப் பார்த்தாலும் அது பரலோகத்திலிருந்து நேராக இறங்கியது என்று நம்பிவிடுவார். அன்று புரொஜெக்டர் வைத்துச் சுவரில் ஒரு கணக்கைக் காட்டினார். 'ஜெபத்துணை' என்று ஒரு செயலி, வசந்த காலத்தில் அவர் கொண்டுவந்தது. ஜனங்கள் விண்ணப்பத்தைப் போனில் தட்டினால் போதும், உடனே ஆறுதலான பதில் வரும், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் ஒரு செய்தி வரும்: 'உங்களுக்காக சபை ஜெபித்தது.'

"இந்தக் காலாண்டுல நானூத்திப் பன்னிரண்டு விண்ணப்பம். நூத்துக்கு நூறு பதில் போயிருக்கு!" என்றார் பாஸ்டர்.

ரொவீனா கையைத் தூக்கினாள். "யாரு ஜெபிச்சா பாஸ்டர்?"

"சபைதான், மிஸ் ரொவீனா." அந்தப் பக்கம் கல்யாணமான பெண்ணையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அந்த சபையில நானும் இருக்கேன். நான் ஜெபிக்கலையே."

யாரோ சிரித்தார்கள். பாஸ்டரின் காது சிவந்தது. "ஜெபக் குழுவில இருக்கறவங்க போனுக்கு எல்லாம் போகும். நீங்கதான் அந்தச் செயலியைப் போட மாட்டேன்னுட்டீங்களே."

"போட மாட்டேன்தான். கர்த்தருக்கும் எனக்கும் நடுவுல ஒரு கம்பெனி எதுக்கு?" என்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோய், வேலை, பிள்ளைகள், பிரயாணம் என்று வரிசையாக எண்கள். கடைசி வரியில் ஒன்று இருந்தது. 'சொல்லாதவை: 61.'

"அது என்ன அறுபத்தொண்ணு?"

"சொல்லாத விண்ணப்பம்தான். ஆனா கவலைப்படாதீங்க, அதுல அம்பத்தஞ்சு ஒரே ஆள் போட்டது. பதினோரு வாரமா, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், காலைல அஞ்சே முக்கால். தவறாம வருது. நல்ல பக்தி!"

ரொவீனா எழுந்து நின்றாள்.

அமெரிக்காவின் அந்த மலைநாட்டுச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாத கஷ்டம் வந்தவர்கள், ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று 'சொல்லாத விண்ணப்பம்' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் இருட்டுவதற்குள் யாராவது ஒருவர், அடியில் பிளாஸ்திரியில் பேர் எழுதி ஒட்டிய பாத்திரத்தில் சூடாக எதையாவது எடுத்துக்கொண்டு, அந்த வீட்டு முன்வாசல் கதவைத் தட்டுவார். 'கொஞ்சம் அதிகமா சமைச்சுட்டேன்' என்பார். அவ்வளவுதான் பேச வேண்டும். பிறகு உட்கார வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. யாருடைய முறை என்பதைப் பெண்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து முடிவுசெய்வார்கள். செயலி வந்ததும் அந்தப் போன் வரிசை நின்றுபோனது.

பதினோரு வருஷத்துக்கு முன் ஹார்லன் என்றொருவர் அப்படி எழுந்து நின்றார். முறை ரொவீனாவுடையது. மறுநாள் சாலையில் பனி உறைந்திருந்தது. ஒரு நாள் கழித்துப் போனால் என்ன என்று இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஹார்லன் உயிரோடு இல்லை. தன் கையாலேயே முடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு அது பாஸ்டர்? பேரைச் சொல்லுங்க."

"பேர் எனக்கே தெரியாது. ரகசியம் காக்கறது கம்பெனியோட விதி."

"பதினோரு வாரமா ஒரு மனுஷன் கதவைத் தட்டியிருக்கான். நாம மிஷினை விட்டு, 'ஆள் இருக்கு'ன்னு சொல்ல வச்சிருக்கோம்."

பாஸ்டர் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக எட்டி புரொஜெக்டரை அணைத்தார். "எனக்குத் தோணவே இல்ல, மிஸ் ரொவீனா. நான் ஒரு வீட்டுக்கும் போகல" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை.

ராத்திரி முழுக்க அதே யோசனை. காலை ஐந்தே முக்காலுக்கு விழித்திருப்பது யார்? மாடு கறக்கிறவர்கள். எல்டன் ப்ரூயிட்! எழுபத்து நாலு வயது, மனைவி போய் ஒரு வருஷம், இரண்டு மைல் சுற்றுவட்டத்தில் துணை கிடையாது. பாலுக்கும் விலை இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், பஸ் ஓட்டத்துக்கு நடுவில் வீட்டுக்கு வந்து கோழி நூடுல்ஸ் செய்தாள். டெல்மர் பின்னால் கொட்டகையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். "யாருக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"தெரியல. கண்டுபிடிக்கப் போறேன்."

"கண்டுபிடிச்சு என்ன பண்ணுவே?"

"வாயை மூடிக்கிட்டு உக்காருவேன்."

"அது உன்னால முடியுமா ரோவீ?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

நாலரை மணிக்கு எல்டனின் முன்வாசல் கதவைத் தட்டினாள். "கொஞ்சம் அதிகமா சமைச்சுட்டேன்."

எல்டன் பாத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் ஒண்ணும் கேக்கலையேம்மா."

"போன்ல... காலைல அஞ்சே முக்காலுக்கு..."

"போனா?" அவர் சட்டைப்பையிலிருந்து மடக்கு போன் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் ஒரு மூலையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். "இதுல பேசினாலே பாதி கேக்காது. அஞ்சே முக்காலுக்கு என் ரெண்டு கையும் மாட்டு மடியில இருக்கும். நான் எதைத் தட்டறது?"

"உள்ள வா. வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எனக்குன்னு செஞ்சதில்ல, உரிய ஆளுக்குக் கொண்டு போ." மூடியைத் திறந்து பார்த்து மூடினார். "ஆமா, உன் வீட்டுக்காரன் மீன் பிடிக்கிறதை விட்டுட்டானா?"

"டெல்மரா? ஏன்?"

"போன மாசம் வந்து படகை வாங்கிக்கிறியான்னான். பாதி விலைக்கு. பத்து நாள் கழிச்சு மறுபடி வந்து துப்பாக்கியை வாங்கிக்கிறியான்னான். படகு வேணாம், துப்பாக்கி குடுன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். காசைப் பாத்து இல்லம்மா. அவன் மூஞ்சி சரியில்ல. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஐந்தரைக்குத் தன் பஸ் கிளம்புகிறது. ஐந்தே முக்காலுக்கு வீட்டில் தனியாக இருப்பது யார்? 'பாக்கலாம்' என்ற கூரை. கீழே வைத்த வெண்ணெய்க் கத்தி. 'ஏதோ கஷ்டத்துல இருந்திருப்பாங்க.'

கழுதைங்க என்று சொன்னது அவள் வாய்தான்.

எல்டனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. ஆறு மைல். பக்கத்து சீட்டில் பாத்திரம் ஒவ்வொரு வளைவிலும் நகர்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். கர்த்தாவே, கர்த்தாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. ஊரில் யார் வாசலுக்கெல்லாம் போயிருக்கிறாள்! தன் வீட்டு வாசலுக்கு மட்டும் யாரும் வர முடியாதபடி, அவளே ஐந்து மணிக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டு முன்னால் டெல்மரின் வண்டி நின்றது. கொட்டகையில் சத்தம் இல்லை. அவள் ஓடினாள். கொட்டகைக் கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. வீட்டைச் சுற்றி வந்து சமையலறை ஜன்னலில் பார்த்தாள்.

மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். போன் எதிரில் கிடந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூச்சு விடுவது முதுகில் தெரிந்தது.

சுவரில் சாய்ந்து அவளும் மூச்சு விட்டாள். உடனே கேள்விகள் வந்தன. எவ்வளவு? எப்போ? யாரைக் கேட்டு? ஏன் சொல்லலை? சமையலறைக் கதவின் கைப்பிடி வரை கை போய்விட்டது. அங்கேயே நின்றாள். கையை எடுத்தாள். வண்டிக்குத் திரும்பி நடந்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். வீட்டார் யாரும் அந்தக் கதவைப் பயன்படுத்துவது இல்லை. சவப்பெட்டி தூக்குகிற நாளுக்கும் பாஸ்டர் வருகிற நாளுக்கும் மட்டும் திறப்பது.

தட்டினாள்.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தான். "என்ன ரோவீ? சாவி தொலைஞ்சுதா?"

"கொஞ்சம் அதிகமா சமைச்சுட்டேன்" என்றாள்.

அவன் பாத்திரத்தைப் பார்த்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. விலகி வழி விட்டான்.

மேஜையில் நேற்றைய பேப்பர் அதே பக்கத்தில் மடித்துக் கிடந்தது. ரொவீனா அதை எடுக்கவில்லை. பாத்திரத்தை அதன் மேலேயே வைத்தாள். இரண்டு தட்டு எடுத்துவந்து பரிமாறினாள். ஆறிப்போயிருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு கேள்வியையும் அவள் நூடுல்ஸோடு சேர்த்து விழுங்கினாள். அறுபது வயதுக்குள் அவள் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை அதுதான்.

"கூரைக்குன்னுதான் போட்டேன்" என்றான் டெல்மர் கடைசியில், தட்டைப் பார்த்தபடி. "அந்தப் பேப்பர்ல வந்த ஊழியக்காரரு ஜெபம் பண்ணினார். நானும் பண்ணிட்டுத்தான் போட்டேன். முழுசும் போச்சு ரோவீ. ஒரு டாலர் மிச்சமில்ல."

அவள் இன்னொரு கரண்டி எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"எதாவது சொல்லு. திட்டவாவது செய்."

அவள் தலையை ஆட்டினாள். "இன்னைக்கு என் முறை. நான் பேசக் கூடாது."

அவனுடைய உதடு கோணியது. சிரிக்கப்போகிறானா அழப்போகிறானா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. அவள் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அது அடங்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்குப் போன் மினுங்கியது. 'உங்களுக்காக சபை ஜெபித்தது.'

டெல்மர் அவமானத்தோடு அதைக் கவிழ்க்கக் கையை நீட்டினான். ரொவீனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. இன்னைக்கு ஒரு நாளாவது அது சொல்றது உண்மையா இருக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.