ஒரே சீட்டுக்கு இரண்டு டிக்கெட்

"நிறுத்துங்க!"

அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. சொன்னவர் குண்டூசி. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. எங்கே குத்தினால் காற்று இறங்கும் என்று கண்டுபிடித்துவிடுவார் என்பதால் ஆபீஸில் வைத்த பெயர் அது. அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

அது ஒரு பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம். பழைய டிக்கெட் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றும் நாள். எழுதிக் கொடுத்தது அக்காவின் கம்பெனி. முப்பது பேர் வேலை பார்க்கும் அந்த இடத்தில் முதலாளியை மேடம் என்று கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவள் அக்காதான்.

"ஒரே சீட்டுக்கு ரெண்டு டிக்கெட் விழுந்திருக்குக்கா," என்று குண்டூசி திரையைக் காட்டினார்.

அக்காவிடம் ஒரு விதி உண்டு. புதிதாக ஒன்றை ஏற்றும்போது யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். வேலைக்குச் சேருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவாள். ஆனால் கிளையண்ட் கண்ணெதிரில் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை.

அவள் கணவனின் தம்பிதான் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்து வருகிறவன். அவன் காதோரம் குனிந்தான். "அண்ணி, ஏத்திடுவோம். ஏதாவது இருந்தா சாயங்காலம் சரிபண்ணிக்கலாம்."

அவள் பஸ் கம்பெனிக்காரர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "இன்னைக்கு மாத்தலை. பழையதே ஓடட்டும்."

பஸ் கம்பெனியின் பொது மேலாளர் குதித்த குதியில் மேசையிலிருந்த தேநீர் சிந்தியது.

மத்தியானத்துக்குள் குட்டு உடைந்தது. பழைய மென்பொருளிலிருந்து வந்த முன்பதிவு அது. ஒரு டிக்கெட் தாய்க்கு, இன்னொன்று மடியில் வரும் கைக்குழந்தைக்கு. குழந்தைக்குத் தனி சீட்டு கிடையாது என்பதால் தாயின் சீட்டு எண்ணையே போடுவது அந்தக் கம்பெனியின் வழக்கம். தப்பே இல்லை.

"கைக்குழந்தைக்குப் பயந்தா என் வேலையை நிறுத்துனீங்க?" என்றார் மேலாளர். "அந்த ஆளை இனிமே இந்தப் பக்கம் அனுப்பாதீங்க. அனுப்புனா, அடுத்து உங்களுக்குத் தர்றதா இருந்த பார்சல் பிரிவு வேலை இல்லை."

"அவர் வருவார் சார். சொன்னது மட்டும்தான் அவர். நிறுத்துனது நான்."

திரும்பும் வழியில் காரில் கொழுந்தன் பொருமினான். "இல்லாத தப்புக்கு நல்ல வேலை ஒண்ணு கையைவிட்டுப் போச்சு அண்ணி."

"தப்பு இருந்தாத்தான் நிறுத்தலாம்னா, நிச்சயமாத் தெரியுற வரைக்கும் எவனும் வாயைத் திறக்க மாட்டான் தம்பி."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். குண்டூசியின் மேசையில் யாரோ ஒரு ரப்பர் குழந்தைப் பொம்மையை உட்கார வைத்து, கழுத்தில் டிக்கெட்டும் மாட்டியிருந்தார்கள். குண்டூசியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. அக்காவுக்கே சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேலாளரின் கோபத்தைவிட இதுதான் ஆபத்து என்று அவளுக்குப் பொறிதட்டியது.

பொம்மையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இது யார் வேலைன்னு கேட்கப்போறதில்லை. இவர் பார்த்த ரெண்டு டிக்கெட்டை இவருக்கு முன்னாடி வேற யார் பார்த்தீங்க?"

பதில் வரும்வரை அவள் நகருவதாக இல்லை. கடைசியில், முன்பதிவுகளைப் புதியதற்கு மாற்றிய பெண் எழுந்தாள்.

"நான் பார்த்தேன்கா. ஒண்ணில்லை, நிறைய. எனக்கும் புரியலை. கேட்டா இதுகூடத் தெரியாதான்னு சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

சிரிப்பு அடியோடு நின்றது.

"உன்னைத் திட்ட மாட்டேன்," என்றாள் அக்கா. "ஆனா எல்லாரும் கேட்டுக்கங்க. நேத்து குழந்தையா இருந்தது, நாளைக்கு நிஜமாவே ரெண்டு பெரிய ஆளா இருக்கும். அன்னைக்கு இவர் வாயைத் திறக்கணும்னா, இன்னைக்கு நாம சிரிக்கிற வாயை மூடணும்."

பொம்மையை வைத்தவன் தானாகவே வந்து குண்டூசியிடம் கையை நீட்டினான். "மன்னிச்சுக்கங்கண்ணே." குண்டூசி, "பொம்மையோட டிக்கெட்டுல தேதி தப்புடா," என்றார்.

அக்கா தனியாகவே மேலாளரைப் பார்க்கப் போனாள். சமாதானம் பேசப் போகவில்லை. "சார், மென்பொருள் எழுதறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் உங்க அறையிலயே உட்கார்ந்து கேட்டோம், டிக்கெட் கவுன்ட்டர்ல உட்காரலை. அது எங்க குறை. கொஞ்ச நாள் உட்கார விடுங்க." மேலாளர் முகம் கொடுக்காமலே தலையாட்டினார்.

அவளும் குண்டூசியும் முன்பதிவுப் பெண்ணும் கவுன்ட்டருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாதி வழியில் ஏறுகிறவர், டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுச் சண்டை போடுகிறவர், சீட்டு மாற்றிக் கேட்கிற புதுத் தம்பதி என்று எல்லாவற்றையும் பார்த்து, கேட்டு, மென்பொருளில் சில இடங்களைத் திருத்தினார்கள். பல வருஷம் கழித்து அக்கா தன் கையால் நிரல் எழுதினாள். விரல் தடுமாறினாலும் விடவில்லை.

அடுத்த முறை ஏற்றும்போது மேலாளர் குண்டூசியை முறைத்துக்கொண்டே நின்றார். குண்டூசி கடைசித் திரை வரை பார்த்துவிட்டு, "போகலாம்கா," என்றார். பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பின.

பார்சல் வேலை சொன்னபடியே வேறு கம்பெனிக்குப் போனது. அக்காவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. கொழுந்தன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு ஒருநாள் காலையில் கதவைத் தட்டினான்.

"அண்ணி, குளிர்பதனக் கிடங்கு வச்சிருக்கறவர் ஒருத்தர் பேசணும்கிறார். நீங்க பேசுறீங்களா?"

"முதல்ல கிடங்கைப் பார்க்கலாம் தம்பி. ரெண்டு ஸ்வெட்டர் எடுத்துக்கங்க," என்று அவள் எழுந்தாள்.