இரண்டும் இடப்பக்கம்

மெத்தை உட்கார மாட்டேன் என்றது. மர்லீஸ் முழங்காலை வைத்து அழுத்தினாள், திருப்பிப் போட்டாள், ஓரத்தில் கையால் இரண்டு குத்து குத்தினாள். அப்பாவுடைய படகின் முன்னிருக்கையில், ஓட்டுகிறவருக்கு வலப்பக்கத்து இடம். படகு மூக்கை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போவதால் மெத்தையின் வெளி ஓரம் வளைந்திருக்க வேண்டும், உள் ஓரம் நேராக. இவள் கையில் இருந்ததில் வளைவு உள்பக்கம் இருந்தது. ஏற்கெனவே இடப்பக்கத்தில் அம்சமாக உட்கார்ந்திருந்த மெத்தையை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்ததை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டுமே இடப்பக்கத்து மெத்தை.

பழைய உறையைப் பிரித்து, அதையே மாதிரியாக வைத்து வெட்டியவள், இரண்டாவதற்கு அதைக் கவிழ்த்துப் போட மறந்திருக்கிறாள். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு இது. டுலூத் நகரத்தில் சொந்தமாகக் கடை வைத்து, கார் சீட்டும் சோபாவும் தைத்துப் பிழைக்கிறவள் செய்கிற தப்பா? அதுவும் ரெக்சினில். ரெக்சினில் ஊசி விழுந்த ஓட்டை ஜன்மத்துக்கும் மூடாது. பிரித்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான்.

வேறொரு நாளாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். இன்று என்னவோ உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இதற்குக்கூட அப்பா திட்டாமல் இருந்துவிடுவாரா என்ன?

ரெய்னோ திட்டுகிற மனிதர். வெர்மிலியன் ஏரிக்கரையில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்கள் வீடுகளில் பொதுவாகவே பாராட்டு என்பது கிடையாது. ஒரு காரியம் பிரமாதமாக அமைந்துவிட்டால் 'மோசமில்ல' என்பார்கள். சுமாராக அமைந்தால் வாயே திறக்க மாட்டார்கள். ரெய்னோ அந்தச் சுமாருக்கும் வாய் திறக்கிறவர். 'பிரிச்சுப் போடு' என்பதுதான் அவரிடம் மகள் அதிகம் கேட்ட வார்த்தை. பள்ளிக்கூடத்துக்குத் தைத்த பை, கல்யாணத்துக்குத் தைத்த கவுன், அந்தக் கல்யாணமே சரிப்படாமல் போனபோது அந்தக் கல்யாணம், எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொன்னவர். கடைசியாகச் சொன்னது சரியான யோசனைதான் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவர் படுத்த படுக்கையாகி, வலிக்கு மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து பாராட்ட ஆரம்பித்தார். உப்பே போடாத மீன் சூப்பைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். ஆயுள் முழுக்கத் தேவாலயத்தில் தூங்கியே பழகியவர், பார்க்க வந்த பாதிரியாரிடம், "அருமையாப் பேசறீங்க" என்றார். பாதிரியாருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது பாவம். அடுத்த வீட்டு ஆர்விட் வந்தபோதுதான் விஷயம் கையை மீறிப் போனது. ஆர்விட்டிடம் இருப்பது பிளாஸ்டிக் படகு. அதை ரெய்னோ இத்தனை வருடமும் 'குளிக்கிற தொட்டி' என்றுதான் சொல்லிவந்தார். அன்றைக்கு ஆர்விட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் படகு நல்ல படகுப்பா" என்றார்.

ஆர்விட் வாசலுக்கு வந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இனிமே தேற மாட்டான் மர்லீஸ். முடிஞ்சுபோச்சு."

காலையில் வந்து ஊசி போட்டுப் போகிற நர்ஸ் டெனீஸுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. "சில பேர் கடைசியில எரிஞ்சு விழுவாங்க. உங்கப்பா சாந்தமாயிட்டார். வரம்னு நெனச்சுக்கோ."

"வரமா? யாரோ ஒருத்தரைக் கொண்டுவந்து படுக்க வச்ச மாதிரி இருக்கு எனக்கு" என்றாள் மர்லீஸ்.

அவளுக்கு இருந்த பயம் இதுதான். அப்பா எப்போதோ கிளம்பிப் போய்விட்டார், மூச்சு மட்டும்தான் கட்டிலில் பாக்கி என்ற பயம். வழியனுப்பக்கூட முடியாமல் போய்விட்டதே என்று இருந்தது. ஒரே ஒரு தடவை அவர் வாயால் ஒரு திட்டு வாங்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எது நடந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கட்டிலை முன்னறையில் ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் திறந்த கொட்டகையும், வார்னிஷ் பளபளக்கும் படகின் பின்பக்கமும் தெரியும். சிதிலமாகக் கிடந்ததை வாங்கி வந்து, அடிப்பலகை மாற்றி, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, எல்லாம் அவரே செய்தது. மெத்தைதான் மிச்சம். அதைத் தைக்கத்தான் மகளை வரச் சொன்னார். வரச் சொன்ன சாக்கு அது.

"அப்பா, வலது பக்கத்து மெத்தை முடிஞ்சுது. பாருங்க."

ரெய்னோ கண்ணைத் திறந்தார். மெத்தையைப் பார்த்தார். புன்னகைத்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு கண்ணு."

கண்ணு! ஜன்மத்தில் அவர் சொல்லாத வார்த்தை. மர்லீஸ் மெத்தையை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அவள் அம்மா எல்மா மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சாப்பிட ஆளில்லாத வீட்டில் ஒரு பானை உருளைக்கிழங்கு. "என்னன்னார்?"

"கண்ணுன்னார்."

எல்மாவின் கத்தி நின்றது. "நேத்து என்கிட்ட, 'நீ ரொம்ப நல்லவ எல்மா'ன்னார். ராத்திரி பூரா தூக்கமே இல்ல எனக்கு. இந்த மனுஷனுக்கு நான் என்னடி துரோகம் பண்ணேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்திருக்க வேண்டியது. சிரிப்பு வரவில்லை.

"அம்மா, இன்னிக்குச் சனிக்கிழமை. நீ சவுனாவுக்குப் போ."

"நான் எங்கயும் போகல."

"அவரை ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டுவந்த நாளா நீ போகவே இல்ல. அடுப்பு மூட்டிட்டேன், கல்லெல்லாம் சூடாயிருக்கும். நான் பக்கத்துலயே இருக்கேன். போய் நல்லா வேர்த்துட்டு வா."

சனிக்கிழமை சவுனா என்கிற ஆவிக்குளியலைத் தவறவிடுவது அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தைத் தவறவிடுவதைவிடப் பெரிய பாவம். எல்மா முனகிக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். முன்னறையில் ஒரு நிமிஷம் நின்று, கணவரின் போர்வையை இழுத்துவிட்டு, ஏரிக்கரைக்கு இறங்கிப் போனாள். ரெய்னோ அசையவில்லை.

மர்லீஸ் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூச்சு காலையில் இருந்ததுபோல் இல்லை. ஒன்று வந்தால் அடுத்தது யோசித்து யோசித்து வந்தது. இப்படி ஆனால் கூப்பிடு என்று டெனீஸ் சொல்லியிருந்தாள். கூப்பிடலாமா, அம்மா வரட்டுமா என்று இவள் குழம்பிக்கொண்டிருந்தபோது அவருடைய கட்டைவிரல் நகர்ந்தது.

மெத்தையின் விளிம்பில், தையலோடு கயிறுபோல் ஓடும் பைப்பிங் மேலே, மெதுவாக ஊர்ந்து போயிற்று. ஓரிடத்தில் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி அதே இடத்துக்குப் போய்த் தடவியது.

"இது யார் தச்சது?"

குரலைக் கேட்டு மர்லீஸ் எழுந்தே நின்றுவிட்டாள். "நான்தான்பா."

"பைப்பிங் ஒட்டை எங்க வச்சிருக்க?"

அவள் குனிந்து பார்த்தாள். பைப்பிங்கின் இரண்டு நுனியும் சேருகிற ஒட்டு, வெளி ஓரத்தில், நடுமத்தியில் இருந்தது. அதை இவள் கவனிக்கவே இல்லை.

"படகுல ஏறுறவன் மொதல்ல கால் வைக்கிற எடம் எது? மெத்தைதானே? கரெக்டா அங்க கொண்டுபோய் ஒட்டு வச்சிருக்கியே, அறிவு இருக்கா? ஒரு கோடைக்குத் தாங்குமா? பொளந்துக்கும். ஒட்டு பின்னாடி வரணும்னு எத்தனை தடவை..." மூச்சு முட்டியது. காத்திருந்து அதைப் பிடித்தார். "இது எந்தப் பக்கத்துதுன்னே?"

"வலது பக்கம்."

உள்ளங்கை வளைவின் மேல் ஒரு முறை போய்வந்தது. அவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். அது சாட்சாத் ரெய்னோவின் பார்வை. "வலதா? உன் வலது கை எதுன்னாவது தெரியுமா உனக்கு?"

மர்லீஸுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"என்ன இளிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா."

"பிரிச்சுப் போடு."

"இதோ. இப்பவே பிரிக்கிறேன்."

அவள் கொட்டகைக்கு ஓடிப் பிளேடை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அந்தச் சமயத்துக்குள் போய்விடுவாரோ என்ற பதைப்பு. போகவில்லை. மெத்தையை மடியில் வைத்து, ஒட்டு இருந்த இடத்தில் முதல் தையலை வெட்டினாள். நூல் 'டர்'ரென்று விட்டது. ரெய்னோ தலையை அந்தச் சத்தத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். பாட்டுக் கேட்கிறவர் போலத்தான் இருந்தது முகம்.

"பிளேடைச் சாய்ச்சுப் பிடி" என்றார்.

சாய்த்துப் பிடித்தாள். ஒரு பக்கம் முழுக்கப் பிரித்து, மூலை திரும்பி, அடுத்த பக்கமும் பிரித்தாள். நூல் துணுக்குகள் மடியிலெல்லாம் விழுந்தன. மூச்சு எந்த இடத்தில் நின்றதென்று தெரியாது. அறையில் தன் பிளேடின் சத்தம் மட்டும் கேட்கிறது என்று உணர்ந்து நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார். முகம் இன்னும் இவள் பக்கமே திரும்பியிருந்தது.

அழுகை வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது நிம்மதி. வலி தீர்ந்ததே என்ற நிம்மதி ஒன்று. அதைவிடப் பெரியதாக இன்னொன்று. யாரோ ஒரு நல்ல மனிதர் சாகவில்லை, தன் அப்பாதான் செத்தார். உடம்பு முழுக்கப் பரவிய அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அவர் கண்களை மூடிவிட்டு, கையை எடுத்து மார்பில் வைத்தாள்.

எல்மா பின்வாசல் வழியாக வந்தாள். முகம் சிவந்து, தலையில் துண்டு சுற்றி, உடம்பெல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தது. மகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். வந்து கட்டிலில் உட்கார்ந்து, சூடான உள்ளங்கைகளைக் கணவரின் கன்னத்தில் வைத்தாள்.

"நான் இல்லாத நேரமாப் பாத்து" என்றாள் பிறகு.

"கஷ்டப்படலம்மா. சட்டுனு."

"பேசினாரா?"

"திட்டினார்."

எல்மா திரும்பினாள். "திட்டினாரா? யாரை?"

"என்னைத்தான். அறிவு இருக்கான்னு கேட்டார். வலது கை எதுன்னு தெரியுமான்னு கேட்டார். பிரிச்சுப் போடச் சொன்னார்."

"ஒழுங்கா சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

மர்லீஸ் சொன்னாள். ஒட்டு வைத்த இடம், கட்டைவிரல், இளிப்பு, பிளேடு, ஒன்று விடாமல். எல்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். 'அதானே', 'அப்படித்தான் கேப்பார்' என்று இடையிடையே சொல்லிக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் துண்டின் நுனியைத் திருகினாள்.

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

கேட்ட தோரணை சாதாரணமாகத்தான் இருந்தது. முகம் அப்படி இல்லை. மர்லீஸ் ஒரு கணம்தான் யோசித்தாள்.

"சொன்னாரே. சவுனாக்குள்ள போனா வெளியில வரத் தெரியாது இவளுக்குன்னார். வெறகு பூரா காலி பண்ணிடுவான்னார்."

"அவ்வளவுதானா?" எல்மாவின் கண்கள் மகளின் முகத்தைத் துழாவின. "'அவ அப்பன் வீட்டு வெறகா'ன்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டார்."

"கேட்டாரா!" எல்மா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "கல்யாணமான நாள்லேர்ந்து இதே பேச்சு. எங்கப்பன் வீட்டைத்தான் இழுப்பார். வெறகு பொளக்கிறது பூரா நான், வாய் மட்டும் இவருக்கு." கணவரின் தோளில் செல்லமாக ஓர் அடி அடித்தாள். பிறகு அடித்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

டெனீஸைக் கூப்பிட வேண்டும், ஆர்விட்டுக்குச் சொல்ல வேண்டும், பாதிரியாருக்குச் சொல்ல வேண்டும். மர்லீஸ் போனை எடுக்க எழுந்தாள்.

"இரு. என்ன அவசரம்?" என்றாள் எல்மா. நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மகளிடம் கையை நீட்டிப் பிளேடை வாங்கினாள். ஈரத் தலையைக் குனிந்து விளிம்பைப் பார்த்தாள்.

"எதுவரைக்கும் பிரிச்ச?"