சிவப்பு இதயம் போட்ட உப்பு

சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா முகத்தைச் சுளித்ததைப் பெரியவள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சின்னவள் வைத்த சூப்பு, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, இப்போது வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தாள். மனுஷன் மடக்மடக்கென்று மிச்சத்தையும் விழுங்கிவிட்டு, "டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். டாக்டரம்மாவாம். நர்சிங் படிப்பில் இன்னும் முதல் வருஷமே முடியவில்லை.

அம்மா போனதிலிருந்து அந்த அடுப்படி பெரியவளுடையது. பகலெல்லாம் தையல் கடையில் ஊரார் பேண்ட்டுக்கு ஜிப்பு மாற்றிவிட்டு, வந்து இரண்டு பேருக்கும் பொங்கிப் போட்டவள் அவள். ஒருநாள் நன்றாயிருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா? பஸ் ஓட்டி ஓய்ந்த அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்த சமயத்தில் சின்னவளுக்கு வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடம் ஆரம்பித்தது. கரண்டி கை மாறிவிட்டது. காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டினாள் சின்னவள்.

"சத்தெல்லாம் போயிடுமேடி."

"அந்தச் சத்துதான்க்கா அப்பாவுக்கு ஆகாது. பொட்டாசியம். கெட்டுப்போன சிறுநீரகத்தால அதை வெளியேத்த முடியாது."

பொட்டாசியம் பெரியவள் காதில் ஏறவில்லை. அதைக் கேட்டு அப்பா பெருமையாகச் சிரித்தது மட்டும் ஏறியது. தனக்காக அந்த மனுஷன் ஒரு தடவை அப்படிச் சிரித்ததில்லை என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் கடையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாள். சோடியம் குறைந்த உப்பு, நடுவில் சிவப்பாக ஓர் இதயம். "பிரஷர்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க" என்றார் கடைக்காரர். படிக்காதவளுக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டாமா? வாங்கினாள். சின்னவள் கண்ணில் படக்கூடாதென்று கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து சூப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள்.

அப்பா கிண்ணத்தை வழித்துக் குடித்தார். "இன்னைக்குத்தாம்மா சூப்பு சூப்பா இருக்கு" என்றார். சொன்னது சின்னவளைப் பார்த்து. அவளும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டாள். பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் கூடக் கொஞ்சம் போட்டாள், அதற்கடுத்த நாள் அதைவிடக் கூட. என்றைக்காவது ஒருநாள் இது மூத்தவள் கைப்பக்குவம் என்று அந்த நாக்குக்குத் தெரியாமலா போகும் என்று ஒரு நப்பாசை.

தெரியவில்லை. ஒரு காலையில் அப்பாவால் காலைத் தூக்கிக் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்த சின்னவள் வெளிறிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்தும் ஏறியபின் அப்பா கண்ணைத் திறந்தார். "பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இதயமே நின்னிருக்கும்" என்றார் டாக்டர். "வீட்ல சமைக்கிறது யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றாள் சின்னவள். "நல்லா வேகவச்சுக் கொட்டிட்டுத்தான் செஞ்சேன். எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்." விம்மி விம்மி அழுதாள். "இனிமே நான் அடுப்படிக்கே வரலக்கா. இந்தப் படிப்பும் வேண்டாம். நீயே பாத்துக்கோ."

"குழந்தையை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் அப்பா, குரல் எழும்பாமல்.

பெரியவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழியிலும் இவள்தான் முன்னால் நிற்கிறாள், அதற்கும் அவருக்குச் செல்லம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும், அடுப்படி தானாகத் திரும்பி வந்துவிடும். கரண்டி, கிண்ணம், அப்பா எல்லாம். இத்தனை நாள் புழுங்கியது இதற்குத்தானே. ஆனால் தங்கச்சி மூக்கைச் சிந்தும் விதம் சின்ன வயதில் இருந்த மாதிரியே இருந்தது. அப்போதெல்லாம் அந்த மூக்கைத் துடைத்துவிட்டது பெரியவள்தான்.

பையைத் திறந்து பாக்கெட்டை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். "சூப்புல நான் போட்டேன். தினமும்."

சின்னவள் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அவள் விரல் மெல்ல ஊர்ந்து போய் 'பொட்டாசியம் குளோரைடு' என்ற இடத்தில் நின்றது.

அப்பா அந்த எழுத்தையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. தலையணையில் தலையைத் திருப்பி மூத்த மகளைப் பார்த்தார், நெடுநேரம்.

"அவ்ளோ ருசியா இருந்துச்சே," என்றார். "அது நீ போட்டதா?"