முதஹ்ஹரின் வால் எலும்பு

என் கணவர் முதஹ்ஹர் எங்கள் வீட்டு நான்காம் மாடிப் படியில் வழுக்கி, கல்லில் பின்புறம் மோத விழுந்தார். ஏமன் நாட்டுச் சனா நகரத்தின் பழைய வீடுகளில் ஒரு படி போல் இன்னொரு படி இருக்காது. அங்கேயே பிறந்து நாற்பது வருஷம் ஏறி இறங்கியவருக்கு இது தெரியாதா? கன்னம் நிறையப் போதைக்கு மெல்லும் காத் இலையும் நெஞ்சு நிறையக் கர்வமுமாக இறங்கினால் படி எங்கே தெரியும்!

டாக்டர் தெளிவாகச் சொன்னார். வால் எலும்பில் அடி. நெடுநேரம் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் முன்னால் சாய்ந்து, பின்பக்கம் வெட்டிவிட்ட மெத்தையில் உட்கார வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். காத் மலத்தை இறுக்கும், முக்கினால் வலி கூடும், அதனால் ஆறு வாரம் அதைத் தொடக் கூடாது.

ஆறு வாரமா! தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு மேல்கூடத்தில் பன்னிரண்டு ஆண்கள் தரையில் சாய்ந்து மாலை வரை இலை மெல்லுவார்கள். ஜன்னலோரத் தலை இடம் இவருடையது. வெட்டின மெத்தையில் உட்கார்ந்தால் சிரிப்பார்களாம். போகாவிட்டால் சித்தப்பா மகன் அந்த இடத்தைப் பிடித்துவிடுவானாம்.

எனக்கு இந்த வலி புதிதல்ல. மூன்றாவது மகள் பிறந்தபோது இதே எலும்புதான் விலகியது. ஏழு மாதம் ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுத்தேன். "உலகத்துல நீ மட்டும்தான் பெத்தியா? நடிக்காத" என்றார். பதினோரு வருஷமாக அந்தச் சொல் எனக்கு ஆறவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இப்போதாவது என் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவர் தேடிப் போனது சூடு போடும் கிழவரை.

"வேண்டாங்க. இரும்பக் காய்ச்சி வெச்சா எலும்பு ஆறுமா?"

"எங்க அப்பாவுக்கு முதுகுல ஏழு சூடு. எண்பது வயசு வரைக்கும் இருந்தாரு."

"சூட்டாலயா இருந்தாரு? உங்கம்மா பார்த்துக்கிட்டதால இருந்தாரு."

"உனக்கு என்ன தெரியும்? ஆம்பள வலி வேற."

இரண்டு சூடு வாங்கிக்கொண்டு நேராக மேல்கூடம் ஏறினார். புண்ணின் மேலேயே நாலு மணி நேரம் உட்கார்ந்தார். வீம்புக்கு மருந்து ஏது? கடைசியில் சித்தப்பா மகன்தான் அவரைத் தாங்கிக் கீழே கொண்டுவந்து படுக்கையில் குப்புறப் போட்டான். போட்டுவிட்டுத் திரும்ப ஏறிப்போய்த் தலை இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நான் புண்ணுக்கு மருந்து தடவினேன். வெகுநேரம் முனகிவிட்டுக் கேட்டார்.

"தக்கியா, உனக்கும் அப்ப இப்படித்தான் வலிச்சுதா?"

என் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனுக்காகவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"இப்படித்தான். ஏழு மாசம்."

"ஏழு மாசமா!" தலையைத் திருப்பினார். முகத்தில் நிஜமான கோபம். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

மிச்ச மருந்தை அழுத்தித் தேய்த்தேன். அவர் போட்ட சத்தம் மேல்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தரும் இறங்கி வரவில்லை.